கண்ணைக் கசக்கும் கை

மாசி மாதம் வந்து எங்கள் ஊர் ரப்பர் தோட்டங்களைப் பாருங்கள், குட்டிகளா. மார்கழியிலும் தையிலும் இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாக நின்ற மரங்கள் செம்பு நிறத்தில் துளிர் விட்டு, மெல்ல மெல்லப் பச்சையாகும். துளிருக்கு நடுவே பொடிப் பொடியாக மஞ்சள் பூ. மாமரத்தில் பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்திருக்கும். பங்குனி முடிவதற்குள் சரக்கொன்றை சரம் சரமாகத் தொங்கத் தொடங்கிவிடும். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையிலுள்ள ஊர்களில் வசந்தம் என்றால் இதுதான்.

என் தங்கை மகன் கண்ணைக் கசக்கத் தொடங்குவதும் இதே நாட்களில்தான். ஒன்பது வயது அவனுக்கு. வீடு இஞ்சிவிளைப் பக்கம். கூப்பிடு தூரத்தில் தமிழ்நாட்டின் களியக்காவிளை. பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ். போன வருடம் பரீட்சைக்குப் படிக்கும்போது புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டு கை முட்டியாலும் கண்ணைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். "மக்கா, கண்ணக் கசக்காத டே" என்று என் அம்மா அடுக்களையிலிருந்து சத்தம் போட்டாள். பக்கத்து வீட்டுச் சேச்சி வேலிக்கு அந்தப் புறமிருந்து, "மோனே, திரும்மல்லே" என்றாள். இரண்டு மொழியில் ஒரே பேச்சு. கண்ணில் வரும் பீளைக்கு மட்டும் இரண்டு பக்கமும் பீளை என்றே பேர்.

அவனைத் திண்ணையில் உட்கார வைத்து, கீழ் இமையை இழுத்துக் காட்டச் சொன்னேன். வெள்ளை விழி முழுக்க இளஞ்சிவப்பு. மூக்கோரத்து மூலையில் வெள்ளையாகப் பீளை. சுத்தமான துணி முனையால் எடுத்தால் அது உருண்டு வரவில்லை, நூலாக நீண்டு வந்தது. வெல்லப்பாகில் பதம் பார்க்கும்போது இரண்டு விரலுக்கு நடுவே கம்பி இழுக்குமே, அந்த மாதிரி. கடுமையான அரிப்பும் இந்த நூல் பீளையும் சேர்ந்து ஒரு பிள்ளைக்கு இருந்தால், வசந்த காலக் கண் ஒவ்வாமையோ என்று கண் மருத்துவர்கள் பார்ப்பார்கள். ஐரோப்பாவில் இது வசந்தத்தில் தலையெடுத்ததால் அந்தப் பேர் வந்தது. நம்மைப் போன்ற வெயில் நாடுகளில் வருடம் முழுக்க லேசாக இருந்து, வெயில் ஏறும் மாதங்களில் கூடுவதும் உண்டு. ஐந்திலிருந்து பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, அதிலும் பையன்களுக்கு, அதிகம் வரும். பெரும்பாலோருக்கு வளர வளரத் தானே அடங்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒட்டாது.

அரிப்பு எங்கிருந்து கிளம்புகிறது? இமையின் உட்புறத்தையும் வெள்ளை விழியையும் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய ஈரத்தோல் மூடியிருக்கிறது. அந்தத் தோலுக்குள் காவலாளிகள் போல மாஸ்ட் செல்கள் குந்தியிருக்கும். ஒவ்வொன்றின் வயிற்றிலும் நிறையக் குட்டிப் பைகள். பைகளுக்குள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள். வேண்டாத ஆள் நுழைந்ததாக அந்த செல் நினைத்தால் பைகள் உடைந்து ஹிஸ்டமின் வெளியே கொட்டும். நரம்பு உடனே மூளைக்கு அரிக்கிறது என்று சொல்லும். ரத்தக் குழாய்கள் விரியும், கண் சிவக்கும். குழாயிலிருந்து நீர் கசியும், இமை உப்பும். புழுவும் கிருமியும் வந்தால் விரட்டுவதற்கு உடம்பு செய்து வைத்திருக்கிற ஏற்பாடு இது. ஒவ்வாமை உள்ள பிள்ளையின் உடம்பு, ஒரு கெடுதலும் செய்யாத தூளைப் பகையாளி என்று தப்பாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. அவ்வளவுதான் கோளாறு.

இப்போது கை வருகிறது. கசக்கினால் ஒரு நிமிடம் சுகமாக இருக்கும், அது உண்மை. ஆனால் கசக்குகிற அழுத்தத்தில், அதுவரை உடையாமல் இருந்த மாஸ்ட் செல்களும் உடையும். இன்னும் ஹிஸ்டமின், இன்னும் அரிப்பு, மறுபடியும் கை. தீயை ஊதி அணைக்கப் பார்ப்பது போல.

கசக்குவதில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. கறுப்பாகத் தெரியும் இடத்துக்கு மேலே, கைக்கடிகாரக் கண்ணாடி போல வளைந்து நிற்கிறதே கருவிழிப் படலம், அதன் கனம் நடுவில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். அப்பா பையில் இருக்கும் ஏடிஎம் அட்டையை விட மெல்லியது. அதை மாதக் கணக்கில், வருடக் கணக்கில் முட்டியால் அழுத்தித் தேய்த்தால், சில பிள்ளைகளுக்கு அது இன்னும் மெலிந்து, உருண்டை வடிவம் மாறிக் கூம்பு போல முன்னால் தள்ளும். கூம்புக் கருவிழி என்று சொல்வார்கள். அப்புறம் கரும்பலகையில் எழுத்து இரண்டாகவும் கோணலாகவும் தெரியும். சாதாரணக் கண்ணாடி போட்டால் சரிவராமல் போகலாம். ஒவ்வாமை பெரும்பாலும் வயதோடு போய்விடும். கூம்பாகிப் போன கருவிழி தானாக உருண்டைக்குத் திரும்பாது. அதனால்தான் அரிப்பை விட, அரிப்புக்குப் பதில் சொல்லப் போகிற கையைப் பற்றி எனக்குப் பயம்.

யார் மேல் பழி போடுவது? என் அம்மாவைக் கேட்டால் கொன்றைதான் குற்றவாளி. கொன்றை பூத்தாலே பிள்ளைகளுக்குக் கண்ணு நோவு வரும் என்பாள். பாவம் கொன்றை. அதன் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்றில் பறக்காது, வண்டும் தேனீயும் வந்து சுமந்துகொண்டு போக வேண்டும். அந்தப் பளீர் மஞ்சள் எல்லாம் அவற்றைக் கூப்பிடுவதற்குத்தான். கண்ணை உறுத்தும் மகரந்தம் பெரும்பாலும் நாம் திரும்பியே பார்க்காத பூக்களிலிருந்து வருகிறது. பூச்சியை நம்பாமல் காற்றை நம்பும் செடிகளுக்கு நிறமும் வேண்டாம், மணமும் வேண்டாம். வரப்பில் வளரும் புல், காட்டுக்கீரை, கடற்கரைச் சவுக்கு எல்லாம் அந்த வகை. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய முப்பது புல் மகரந்தத்தை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு பொடி. நம் தென்னையையும் சும்மா விட முடியாது. ஒரு பாளைக்குள் ஆயிரக்கணக்கான ஆண் பூ இருக்கிறது, வருடம் முழுக்கப் பூக்கிறது. தென்னை மகரந்தத்தால் ஒவ்வாமை வருவதை இந்திய ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

மகரந்தம்தான் காரணம் என்று சோதித்து நிரூபித்தது ஓர் இங்கிலாந்து டாக்டர். மான்செஸ்டரில் இருந்த சார்லஸ் பிளாக்லி. அவருக்கே வருடா வருடம் கண்ணும் மூக்கும் ஒழுகும். புல் மகரந்தத்தைத் தன் மேலேயே வைத்துச் சோதித்தார். மேலே காற்றில் மகரந்தம் இருக்கிறதா என்று பார்க்க, பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைப் பட்டத்தில் கட்டிப் பறக்க விட்டார். உயரத்தில் பறந்த கண்ணாடியிலும் மகரந்தம் ஒட்டியிருந்தது. 1873இல் அதையெல்லாம் புத்தகமாக எழுதினார்.

பட்டம் இல்லாமலே நாங்கள் அதைச் செய்து பார்த்தோம். இரண்டு வெள்ளைத் தட்டில் மெல்லிசாகத் தேங்காய் எண்ணெய் தடவி, ஒன்றை ரோட்டோர மதில் மேலும் மற்றொன்றை வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியிலும் ஒரு பகல் முழுக்க வைத்தோம். சாயங்காலம் லென்ஸ் வைத்துப் பார்த்தால், கிணற்றடித் தட்டில் மஞ்சள் பொடியும் ஓர் எறும்பும். ரோட்டுத் தட்டில் எண்ணெயே தெரியாமல் சாம்பல் நிறத் துகள். விரலால் தடவினால் நறநற என்றது. எல்லையைத் தாண்டி இரவும் பகலும் ஓடுகிற கல் லாரி, எம்சாண்ட் லாரி எல்லாம் உங்களுக்குத் தெரியும்தானே? அந்தத் தூள் கல்தான். அது ஒவ்வாமை தருவதைவிட மோசமான வேலை செய்யும். கண்ணுக்குள் அது விழுந்த நேரத்தில் கசக்கினால், உப்புத்தாளால் கண்ணாடியைத் தேய்ப்பது போல் கருவிழியைக் கீறும்.

தட்டில் மாட்டாத ஓர் ஆளும் இருக்கிறது. தலையணையிலும் மெத்தையிலும் நம் தோல் உதிர்வைத் தின்று வாழும் தூசிப் பூச்சி. நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. கடிக்காது. அதன் கழிவுதான் அரிப்பைக் கிளப்பும். ஈரக் காற்று அதற்கு ரொம்பப் பிடிக்கும், நம் பக்கத்தில் அதற்குக் குறைவே இல்லை. தலையணை உறையை வாரம் ஒரு முறை சுடுதண்ணீரில் அலசி வெயிலில் காயப் போடச் சொல்லுங்கள். போட வேண்டியது அம்மா மட்டும்தான் என்று இல்லை, உறையை உருவிக் கொண்டுபோய்க் கொடுப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும்.

சரி, கண் அரிக்கிறது, கை துடிக்கிறது. என்ன செய்வது? காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் குளிர வைத்து, சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து, மூடிய இமை மேல் ஐந்து பத்து நிமிடம் வையுங்கள். குளிர்ச்சியில் ரத்தக் குழாய் சுருங்கும், அரிப்பு அடங்கும். கை கேட்டதைத் துணி கொடுத்துவிடும். விளையாடிவிட்டு வந்தால் கையையும் முகத்தையும் கழுவிவிட்டுத்தான் புத்தகம். என் அம்மா நந்தியாவட்டைப் பூவை இரவில் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் அதைக் கண்ணில் விடுவாள். அவளும் அவள் அம்மாவிடம் பார்த்துப் படித்ததுதான். இரவு முழுக்கப் பூ ஊறிய தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத என்னென்னவோ வளர்ந்திருக்கும். கண்ணுக்குள் விட வேண்டாம், அம்மா, இமைக்கு மேலே குளிர்ந்த துணி போதும் என்று சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் கேட்டாள்.

உண்மையில் கண்ணுக்கான முதல் மருந்து கண்ணுக்குள்ளேயே ஊறுகிறது. 1922இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங், பெனிசிலினைக் கண்டுபிடிப்பதற்கு ஆறு வருடம் முன்பு, கண்ணீரில் பாக்டீரியாவைக் கரைக்கும் ஒரு பொருள் இருப்பதைக் காட்டினார். லைசோசைம் என்று பேர். சோதனைக்கு நிறையக் கண்ணீர் தேவைப்பட்டது. கூட வேலை செய்தவர்கள், ஆய்வுக்கூடத்துக்கு வந்தவர்கள் என்று எல்லோர் கண்ணிலும் எலுமிச்சைத் தோலைப் பிழிந்து அழவிட்டுச் சேகரித்தார்! ஒவ்வொரு தடவை இமைக்கும்போதும் நாம் அந்த நீரால் கண்ணை ஒரு முறை கழுவுகிறோம். நிமிடத்துக்குப் பதினைந்து இருபது தடவை. போனை முறைத்துப் பார்க்கும்போது இமைப்பது குறைந்துவிடும், கழுவுவதும் குறையும்.

துணிக்கும் அடங்காவிட்டால் கண் டாக்டரிடம் போக வேண்டும். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிதாக ஏதும் என்றால் திருவனந்தபுரத்தில் மண்டலக் கண் மருத்துவ நிலையம். எங்கள் பையனுக்கு முதல் வருடம் அப்படிச் செய்யவில்லை. யாரோ சொன்னார்கள் என்று மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து வாங்கினார்கள். ஒரே நாளில் கண் வெளுத்துவிட்டது. அடடா, என்ன நல்ல மருந்து என்று, சிவக்கும்போதெல்லாம் மாதக் கணக்கில் விட்டார்கள். அது ஸ்டீராய்டு மருந்து. டாக்டர் பார்த்து, இத்தனை நாள், இத்தனை சொட்டு என்று கொடுத்தால் அது கண்ணைக் காக்கும். கேட்பாரில்லாமல் விட்டுக்கொண்டே இருந்தால் சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைச் சத்தமில்லாமல் அரித்துவிடும். சின்ன வயதிலேயே புரையும் விழும். வலிக்காது, அதுதான் கொடுமை. நல்ல வேளை, அவன் கண் அழுத்தத்தை அளந்து பார்த்த டாக்டர் சரியான நேரத்தில் நிறுத்தினார். பாட்டிலைக் கையில் எடுக்கும் முன் டாக்டர் சீட்டைக் காட்டு என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் தைரியமாகக் கேளுங்கள். இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் வசந்தத்தைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது. ஏப்ரல் 11ஐ ஒட்டி, பகல் 12:20 வாக்கில், முற்றத்தில் ஒரு பாட்டிலை நட்டுக்க நிறுத்திப் பாருங்கள். நிழல் இருக்காது. சூரியன் சரியாக நம் உச்சந்தலைக்கு மேல் வரும் நாள் அது. விஷுவுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு. இந்த மாதங்களில் வெயிலோடு வரும் புற ஊதாக் கதிரின் அளவைக் கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் குறியீட்டு எண்ணாக அறிவிக்கிறது. எண் 11ஐத் தொட்டால் மிகக் கடுமை என்று பொருள்.

அப்படியானால் கண்ணுக்கு ஆபத்து உச்சி வெயிலில்தானே? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஜப்பானில் கனசாவா மருத்துவப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒரு பொம்மைத் தலையின் கண்ணில் உணரிகளைப் பொருத்தி வெளியே நிறுத்தி அளந்தார்கள். சூரியன் உச்சியில் நிற்கும்போது புருவ மேடே கண்ணுக்குக் குடையாகிவிடுகிறது. வெயில் காலத்தில் சூரியனைப் பார்த்து நிற்கும் கண்ணுக்குள் காலையிலும் பிற்பகலிலும்தான் கதிர் அதிகம் போகிறது. நீங்கள் பள்ளிக்கு நடக்கிற நேரம், விட்டு வருகிற நேரம்! கூடவே, தரையில் பட்டுத் திரும்புகிற கதிரும் உண்டு. பொழியூர், பூவார் கடற்கரையின் காய்ந்த மணல் ஏறக்குறைய நூற்றில் 15 பங்கைத் திருப்பி அனுப்பும். அலை நுரை 25 பங்கு. பனி 80 பங்கு வரை.

பனியைப் பற்றி நமக்கென்ன என்று கேட்காதீர்கள். காரக்கோணத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, அது டாக்டர் சோமர்வெல் பேரில் அமைந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் நெய்யூர் ஆஸ்பத்திரியில் பல வருடம் அறுவை மருத்துவராக இருந்தவர். அவர் எவரெஸ்ட் ஏறப் போனவர் என்பது இங்கே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. 1924 ஜூன் 4ஆம் தேதி அவரும் எட்வர்ட் நார்ட்டனும் ஆக்சிஜன் குப்பி இல்லாமல் உச்சியை நோக்கி ஏறினார்கள். தொண்டை அடைத்துச் சோமர்வெல் நின்றுவிட்டார். நார்ட்டன் தனியாக 8,573 மீட்டர் வரை போய்த் திரும்பினார். நடப்பது பாறை மேல்தானே, பனி மேல் இல்லையே என்று அவர் கண்ணாடியைத் தன் கையாலேயே கழற்றியிருந்தார். அப்போது ஒன்றும் தெரியவில்லை. அன்றிரவு கண்ணில் வலி பிடுங்கியது, பார்வை போனது. சுமார் 60 மணி நேரம் குருடாகக் கிடந்தார். பிறகு பார்வை திரும்பியது.

வலி ஏன் தாமதமாக வந்தது? புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல் தோலைச் சுட்டுவிடும். சுட்ட செல்கள் சில மணி நேரம் கழித்துத்தான் செத்து உதிரும், அப்போதுதான் அடியிலுள்ள நரம்பு வெளியே தெரியும். இதற்கு எவரெஸ்ட் போக வேண்டாம். தேசிய நெடுஞ்சாலை ஓரத்து வெல்டிங் பட்டறை முன்னால் நின்று, அந்த நீல வெளிச்சத்தை வாய் பிளந்து பார்த்தாலே போதும். ராத்திரி தூக்கத்தில் கண்ணில் மணல் கொட்டினது போல எழுப்பும். அந்த வெளிச்சத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிடுங்கள். சூரியனை நேராகப் பார்க்கவே வேண்டாம். அது கருவிழியைத் தாண்டி விழித்திரையைச் சுடும், அங்கே வலியே தெரியாது. வெயிலுக்கு விளிம்பு அகலமான தொப்பி நல்லது. தாத்தாக்கள் வயலுக்கு வைத்துப் போன கமுகம் பாளைத் தொப்பி கிடைத்தால் இன்னும் நல்லது.

கூட்டமாகக் கண் சிவந்தால் அது வேறு சங்கதி. எங்கள் பக்கம் செங்கண்ணு, களியக்காவிளையில் பஸ் ஏறினால் மெட்ராஸ் ஐ. 1819இல் சென்னையில் தொடங்கி, இப்போது எழும்பூரில் இருக்கும் கண் மருத்துவமனையில் 1918இல் முதலில் இனம் கண்டதால் அந்தப் பேர் வந்தது என்று சொல்வார்கள். அரிப்பை விட உறுத்தல் அதிகம், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். நோயாளியின் கண்ணைப் பார்த்தாலே தொற்றும் என்று சொல்வதை நம்பாதீர்கள். கண்ணைத் தொட்ட கை, அந்தக் கை தொட்ட துவர்த்து, தலையணை வழியாகத்தான் அது ஊர் சுற்றும். அந்த நாட்களில் பள்ளிக்கு லீவு போட்டுவிட வேண்டும்.

விஷுவுக்கு முந்தின நாள் ராத்திரி எங்கள் தெருவில் பட்டாசு வெடிக்கும். வெடிக்காமல் கிடக்கும் பட்டாசின் பக்கத்தில் குனிந்து பார்ப்பதும், அதைக் கையில் எடுப்பதும்தான் பிள்ளைகளுக்கு ஆசை. ஒரு வாளித் தண்ணீர் வைத்திருங்கள்; பெரியவர்கள் அதை நனைத்து அள்ளட்டும். கண்ணில் தெறித்துவிட்டால் கழுவிக்கொண்டிருக்காமல், அழுத்தாமல், உடனே ஆஸ்பத்திரி.

மறுநாள் விடியும் முன், கண் விழித்ததும் முதலில் பார்க்க வேண்டிய கணி. உருளியில் அரிசி, கணிவெள்ளரிக்காய், கண்ணாடி, கொன்றைப் பூ. இந்த வருடம் என் அம்மா பேரனை எழுப்பி, பின்னாலிருந்து இரண்டு கையாலும் அவன் கண்ணைப் பொத்திக் கூட்டிப் போகப் பார்த்தாள். அவன் கண்ணை இறுக மூடியபடியே நகராமல் நின்றான்.

"பாட்டி, கை கழுவினீங்களா?"

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கிணற்றடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையில் துடைக்காமல் உதறிவிட்டு வந்தாள். அந்த ஈரக் கை குளுகுளுவென்று இருந்ததாம், அவன் சொன்னான்.